ரத்தக்காவும் முந்நூறு வயதுப் பையனும்

முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு, விரல் நுனியால் நரம்பைத் தேடிக்கொண்டே, “எங்க விட்டேன்? ஆங், ஜன்னலுக்கு வெளிய நிக்கிறான்” என்று ஆரம்பிப்பார். நாற்காலியில் இருப்பவர் புதியவர் என்றால் திருதிருவென்று விழிப்பார். யார் நிற்கிறான், எந்த ஜன்னல் என்று கேட்க வாயெடுப்பதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும். “செத்தவன். செத்து முந்நூறு வருஷம் ஆச்சு. ஆனா பார்க்கிறதுக்கு இருபத்தஞ்சு வயசுப் பையன். ரத்தம் குடிக்கிறவன், ஆனா ரொம்ப நல்லவன்” என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போது, கேட்பவரின் ரத்தம் குழாயில் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். பஞ்சை வைத்து அழுத்தி, கையை மடக்கச் சொல்லி, “அவ்வளவுதான், எழுந்திருங்க” என்பார். முக்கால்வாசிப் பேர் எழுந்திருக்க மாட்டார்கள். அப்புறம் அவன் உள்ளே வந்தானா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும்.

அந்தப் பரிசோதனைக்கூடத்தில் நெடுங்காலமாக ரத்தம் எடுப்பவர் அவர்தான். சொந்தப் பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையில் இருக்கிறது. அட்டை எப்போதும் திரும்பியே தொங்குவதால் அது யாருக்கும் பயன்பட்டதில்லை. வயதில் சின்னவர், பெரியவர், மருத்துவர், துப்புரவு செய்பவர் எல்லோருக்கும் அவர் ‘ரத்தக்கா’. ஐம்பதைத் தாண்டிய வயது, குள்ளமான உருவம், நெற்றிக்கு ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. யாரையும் தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். ஊசியை விடச் சில்லென்ற கைதான் மனிதர்களைப் பயமுறுத்துகிறது என்பது அவருடைய கட்சி.

ஊசியைக் கண்டாலே மயங்கி விழும் லாரி ஓட்டுநர் ஒருவர் உண்டு. ஆள் கதவு உயரம். அவருக்கு ரத்தம் எடுப்பதென்றால் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்த காலம் போய், இப்போது கதையின் தயவில் தானாக வந்து உட்காருகிறார். ஒருநாள் தன் மனைவியின் பரிசோதனைக்காக வந்தவர், தனக்கு எந்த வேலையும் இல்லாத அறைக்குள் தலையை மட்டும் நீட்டி, “அந்தப் பொண்ணு கதவைத் திறந்துட்டாளா?” என்று கேட்டார். திறக்கவில்லை என்று ரத்தக்கா சொன்னதும் சலித்துக்கொண்டே போனார். ரத்தம் எடுக்கும் நேரத்தில் ரத்தம் குடிப்பவன் கதையா என்று கண்டிக்க வந்த தலைமை மருத்துவரும் திரைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கண்டிக்காமலேயே திரும்பிவிட்டாராம்.

கதை அவருடையதல்ல. நான்கு பாகங்கள் வெளிவந்து, ஐந்தாவதற்காக ஊரே காத்திருந்த ஒரு காதல் தொடர் அது. ரத்தக்காட்டேரி ஒருவனுக்கும் தையல் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கும் இடையிலான காதல். அட்டையில் நிலவு, கோட்டை, பாதி மூடிய கண்களோடு ஒரு பெண், அவள் கழுத்துக்கு அருகே இரண்டு கூரிய பற்கள். பேருந்திலும் பூங்காவிலும் பெண்கள் இந்த அட்டைக்குச் செய்தித்தாள் உறை போட்டுத்தான் படிப்பார்கள். ரத்தக்கா உறை போட்டதில்லை. பல் தெரியத்தான் படிப்பார்.

ரத்தக் குழாய்களைச் சுழல் இயந்திரத்தில் அடுக்கி மூடியை அழுத்திவிட்டால், அது சுற்றி ஓயும்வரை அவருக்கு வேலையில்லை. அந்த நேரம் முழுக்கப் புத்தகத்துக்கு. சுவரில் சாய்ந்து நின்றபடி, உதடு அசையப் படிப்பார். பழைய ரப்பர் பட்டை ஒன்றுதான் பக்க அடையாளம். மலை வர்ணனை, பனி வர்ணனை, கோட்டை வர்ணனை எதுவானாலும் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டு போய்விடுவார். “எத்தனை தடவைதான் கோட்டையைச் சுத்திக் காட்டுவாங்க? வீடு வாங்கவா வந்திருக்கோம்?” என்பார். தையல்காரப் பெண் தயங்கும் இடங்களில், “திறந்து தொலையேண்டி” என்று வாய்விட்டே சொல்லிவிடுவார். அடுத்த அறையிலிருந்து யாராவது என்னவென்று கேட்டால், “உங்களை இல்லை” என்று பதில் போகும்.

அந்தப் புத்தகங்களின் குறைகளை அவர் மறைப்பதில்லை. வீட்டு மனிதரின் குறட்டையைப் பற்றிப் பேசுவதுபோல, உரிமையோடும் ஒருவிதப் பெருமையோடும் அடுக்குவார். காதலன் செத்தவன்; மூச்சே கிடையாது என்று முதல் பாகத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் பக்கத்துக்கு ஒரு பெருமூச்சு விடுகிறான். இதயம் நின்றுபோனவன், ஆனால் அவளைக் கண்டால் படபடக்கிறது. கண் முதல் பாகத்தில் கருநீலம், இரண்டாவதில் பச்சை, மூன்றாவதில் தேன் நிறம். “நாலாவதுல எழுதினவங்களுக்கே குழப்பம் வந்து கண்ணை மூடியே வச்சுட்டாங்க” என்று சிரிப்பார். நிலவு தேய்வதே இல்லை. கதை எந்த நாளில் நடந்தாலும் பௌர்ணமிதான். வெள்ளிக் கோப்பையில் பிடித்துவைத்த ரத்தத்தை அவன் மூன்றாம் நாள் எடுத்துக் குடிப்பதைத்தான் அவரால் தாங்க முடியாது. அதற்குள் அது உறைந்து கட்டியாகியிருக்கும். கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். “குரூப்பும் பார்க்க மாட்டான். என்ன வளர்ப்போ” என்று குறைப்பட்டுக்கொள்வார். குறைப்பட்டுக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்.

வீட்டுக்காரர் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பவர். எழுத்துப் பக்கமே போகாதவர், ஆனால் கதை நிலவரம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். மனைவி படித்துக்கொண்டிருக்கும் நாற்காலியைக் கடந்து போகும்போதெல்லாம், “கடிச்சானா?” என்பார். “இன்னும் இல்லை” என்று தலை நிமிராமல் பதில் வரும். நான்காம் பாகம் முடிந்த அன்றும் இல்லை என்றுதான் பதில். அன்றைக்கு அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். நாலு பாகமாகவா ஒருத்தன் பட்டினி கிடப்பான் என்று கேட்டார்.

முதல் பாகம் ரத்தக்கா கைக்கு வந்தது தற்செயலாக. காத்திருக்கும் அறையில் யாரோ விட்டுப்போன புத்தகம். கேட்டு யாரும் வரவில்லை. இயந்திரம் சுற்றும் நேரத்தில் சும்மா பிரித்தவர், அது நின்றதைக் கவனிக்கவில்லை. எந்தப் பக்கத்தில் அப்படிச் சிக்கினார் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

ஒரே மகள். கல்லூரியில் இலக்கியம் கற்பிக்கிறாள். பத்திரிகைகளில் அவள் எழுதும் விமர்சனங்களுக்கு மதிப்பு உண்டு. கத்திமுனை மாதிரி எழுத்து. வேண்டியவர், வேண்டாதவர் பார்க்க மாட்டாள். அந்த நேர்மையை அம்மாவிடமிருந்து பெற்றதாக அப்பா சொல்வார். அம்மாவும் மகளும் எல்லாவற்றையும் பேசுவார்கள், இந்தப் புத்தகங்களைத் தவிர. மகள் வந்தால் புத்தகம் மேசையில் இருக்கும். அவள் அதைத் தொடாமல் பக்கத்திலிருக்கும் தண்ணீரை மட்டும் எடுத்துக் குடிப்பாள்.

அந்த மகள்தான், நான்காம் பாகம் விற்பனையில் பறந்துகொண்டிருந்த சமயத்தில், இந்தத் தொடரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினாள். பரிசோதனைக்கூடத்துக் காத்திருப்பு அறைக்கு வரும் பத்திரிகையிலேயே அது வந்திருந்தது. ரத்தக்கா நின்றவாக்கிலேயே முழுவதையும் படித்தார். மொழியின் ஓட்டைகளைப் பற்றி எழுதியிருந்தது, சரி. பாத்திரங்களின் பொய்மையைப் பற்றி எழுதியிருந்தது, அதுவும் சரி. பெருமூச்சைப் பற்றிய பத்தியில் அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கடைசிப் பத்திக்கு வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. ‘சிந்திக்க விரும்பாத மனங்களே இத்தகைய நூல்களில் தஞ்சம் புகுகின்றன’ என்று எழுதியிருந்தாள்.

அன்று மாலை அவர் புத்தகத்தைக் கையில் எடுக்கவில்லை. வீட்டுக்காரர் இரண்டு முறை நாற்காலியைக் கடந்து போனார். வழக்கமான கேள்வியைக் கேட்கும் தைரியம் வரவில்லை. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் ரத்தக்கா மகளைத் தொலைபேசியில் அழைத்தார். கட்டுரை நன்றாக இருந்தது, கோட்டையைப் பற்றி எழுதியது ரொம்பச் சரி என்றார். “ஆனா ஒண்ணு விட்டுட்டே. அவன் உருவம் கண்ணாடியில தெரியாதுன்னு சொல்லிட்டு, பின்னாடி கண்ணாடி முன்னாடி நின்னு தலை வாருறான் பாரு. அதை நீ கவனிக்கலை” என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, ரப்பர் பட்டை இருந்த பக்கத்தைப் பிரித்து, விட்ட இடத்திலிருந்து படித்தார்.

ஐந்தாம் பாகம், கடைசிப் பாகம், வந்தது. அதையொட்டி நூலகத்தின் மாடிக் கூடத்தில் ஒரு கூட்டம். யார் கண்ணிலும் படாமல் புனைபெயருக்குள் ஒளிந்திருந்த எழுத்தாளர் முதல்முறையாக நேரில் வருகிறார் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ரத்தக்கா அன்றைக்கு விடுப்புச் சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் விமர்சனம் பேச யாரை அழைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. மகளையே அழைத்திருந்தார்கள்.

மகள் வீட்டுக்கே வந்துவிட்டாள். வெகுநேரம் வேறு என்னென்னவோ பேசிவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்.

“நீ முன்னாடி உட்கார்ந்திருந்தா நான் எப்படிம்மா பேசுவேன்?”

“வாயாலதான்.”

“அம்மா.”

“நீ உன் வேலைக்கு வர்றே. நான் என் ஆசைக்கு வர்றேன். ரெண்டும் வேற வேற. நீ எனக்காக ஒரு வார்த்தையைக் குறைச்சேன்னாலும் எனக்குக் கோபம் வரும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை. பிளாஸ்டிக் நாற்காலிகள் அத்தனையும் நிறைந்து, சுவரோரம் நிற்கும் கூட்டம். பெரும்பாலும் பெண்கள். மடியில் புத்தகம் வைத்திருந்தார்கள், அட்டையைக் கவிழ்த்து. சிலர் உறை போட்டிருந்தார்கள். ரத்தக்கா மூன்றாவது வரிசையில் நடு நாற்காலியில், பற்கள் இரண்டும் மேடையைப் பார்க்கும்படி நான்காம் பாகத்தை மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எழுத்தாளரைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் ஓடியது. நடுவயது, எண்ணெய் தடவி வாரிய தலை, கைக்குட்டையை உருட்டி உருட்டிப் பிசைந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி. ரயில் நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுக்கும் வேலை என்று நூலகர் அறிமுகம் செய்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் மகள்.

மகள் பேசினாள். அம்மாவுக்காக ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை. கண் நிறம் மாறுவதை எடுத்துக்காட்டினாள். தேயாத நிலவைச் சொன்னாள். மூச்சில்லாதவனின் பெருமூச்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக நடிப்போடு படித்துக் காட்டினாள். கூடம் குலுங்கிச் சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் ரத்தக்கா. ஆனால் சிரிப்பு அடங்க அடங்க ஒவ்வொரு மடியிலும் புத்தகம் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. எழுத்தாளரின் தலை குனிந்து, வகிடு மட்டுமே தெரிந்தது. கைக்குட்டை அசையவில்லை.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்றார் நூலகர். ஒரு கையும் உயரவில்லை. இத்தனை பேரும் கேட்பதற்காகவே வந்தவர்கள்தான்; அந்தக் கட்டுரையைப் படித்தவர்களும்தான். கேட்டால், சிந்திக்க விரும்பாத மனம் தன்னுடையதுதான் என்று கை தூக்கிச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

ரத்தக்கா எழுந்தார். மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒலிவாங்கியை நூலகர் கொண்டுவந்து நீட்டினார். அதை எந்தத் தூரத்தில் பிடிப்பது என்று தெரியாமல் ஊசியைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டார். “இவ்வளவு நேரம் பேசினது என் பொண்ணு” என்று ஆரம்பித்ததும் கூடத்தின் கழுத்துகள் எல்லாம் திரும்பின. “அவ சொன்னது எல்லாமே சரி. ரெண்டு தப்பை விட்டுட்டா, அதை நான் சொல்றேன்.” கண்ணாடி முன் தலை வாரியதைச் சொன்னார். வெள்ளிக் கோப்பையில் மூன்று நாள் இருந்த ரத்தத்தைச் சொன்னார், கரண்டியோடு. மறுபடி சிரிப்பு எழுந்தது. ஆனால் இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது; அவரவர் வீட்டுக் கதையைக் கேட்டுச் சிரிப்பது போல. குனிந்திருந்த வகிடு மெல்ல மேலே போய், முகம் தெரிந்தது.

“இதெல்லாம் தெரிஞ்சுதான் படிக்கிறோம். தெரியாமப் படிக்கலை” என்றார் ரத்தக்கா. “கண்ணு கலர் மாறினது எனக்கு அப்பவே தெரியும். மாறினா மாறிட்டுப் போகட்டும்னு படிச்சேன்.”

பிறகு ஒலிவாங்கியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

“நான் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறேன். வந்து உட்கார்றவங்க கையை என்கிட்ட குடுத்துட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்குவாங்க. வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து அப்படித்தான். தப்பு இல்லை, பயம். ஆனா கடைத்தெருவுல பார்த்தாக்கூட என்னை அடையாளம் தெரியாது. என் முகத்தை யாரும் பார்த்ததே இல்லையே. முதல் பாகத்துல, அவன் யாருன்னு தெரிஞ்சப்புறம், ரத்தம் குடிக்கிறவன்னு தெரிஞ்சப்புறம், அந்தப் பொண்ணு முகத்தைத் திருப்பலை. விளக்கைத் தூக்கிப் பிடிச்சு அவன் முகத்தை நேராப் பார்க்கிறா. அந்தப் பக்கத்தை எழுதினவங்க என்ன தமிழ்ல எழுதினாலும் நான் படிப்பேன்.”

பின்வரிசையில் ஒரு பெண் தன் புத்தகத்தின் செய்தித்தாள் உறையைக் கழற்றும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பிறகு இன்னொன்று. மடிகளில் கவிழ்ந்து கிடந்த அட்டைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. கூடம் முழுக்க நிலவும் கோட்டையும் பல்லுமாக ஆகிவிட்டது.

எழுத்தாளர் பேச எழுந்தார், பிறகு உட்கார்ந்துகொண்டே பேசினார். ஒரு ரயில் போய் அடுத்த ரயில் வருவதற்குள் எழுதுவாராம். வரிசையில் ஆள் வந்து நின்றால் அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். திரும்பி வரும்போது கண் என்ன நிறம் என்று நினைவிருக்காது. “அந்த விளக்குப் பக்கத்தை மட்டும்தான் ஒரே மூச்சுல எழுதினேன். அன்னைக்கு ரயில் தாமதம்” என்றார். கண்ணாடி விஷயம் சுத்தமாக மறந்துவிட்டது, அடுத்த பதிப்பில் சரி செய்துவிடட்டுமா என்று ரத்தக்காவையே கேட்டார். வேண்டாம், இருக்கட்டும், பழகிவிட்டது என்றார் ரத்தக்கா. அதற்குக் கிடைத்த கைதட்டல், அன்றைக்கு யாருடைய பேச்சுக்கும் கிடைக்கவில்லை.

அதற்குமேல் கேள்விகளை நூலகரால் சமாளிக்க முடியவில்லை. இத்தனை நேரம் வாய் திறக்காதவர்கள் எல்லாம் ஒலிவாங்கிக்கு வரிசையில் நின்றார்கள். கடைசியில் அவன் கடித்தானா என்று ஒருவர் கேட்டுவிட, கூடமே ஒன்றாகச் சேர்ந்து சொல்லக் கூடாது என்று எழுத்தாளரைத் தடுத்துவிட்டது.

முடிவாக, விமர்சகர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று நூலகர் கேட்டார். மகள் எழுந்து நின்றாள். கையிலிருந்த தாள்களைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்தாள், நேராக.

“நான் சொன்ன குறைகள் எதையும் வாபஸ் வாங்கலை. அதெல்லாம் அப்படியேதான் இருக்கு. ஆனா கட்டுரையில கடைசியா ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன், படிக்கிறவங்க மனசைப் பத்தி. அது புத்தகத்தைப் பத்தின விமர்சனம் இல்லை. எனக்குத் தெரியாத விஷயத்தை எழுதிட்டேன். அதை எடுத்துடுறேன்.”

ரத்தக்கா தலையை ஒருமுறை ஆட்டினார். பரிசோதனைக்கூடத்தில் ஒருவர் சரியான நரம்பைக் காட்டிவிட்டால் ஆட்டுவாரே, அதே ஆட்டல்.

கையெழுத்து வாங்கும் கூட்டத்தில் எழுத்தாளர் ரத்தக்காவின் கையை விடவே இல்லை. மகள் அந்த நெரிசலில் அம்மாவின் பையைச் சுமந்துகொண்டு, யாரோ ஒரு வாசகி புத்தகத்தின் ஓட்டைகளைப் பற்றி அவளிடம் தொடுத்த சண்டைக்கு ஈடுகொடுத்தபடி ஓரமாக நின்றாள். அந்தச் சண்டை அவளுக்குப் பிடித்திருந்தது என்று முகம் சொன்னது.

இருவரும் ஒரே பேருந்தில் திரும்பினார்கள். பக்கத்துப் பக்கத்து இருக்கை. வண்டி கிளம்பியதுமே ரத்தக்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, கூட்டத்தில் வாங்கிய ஐந்தாம் பாகத்தின் முதல் பக்கத்தைப் பிரித்துவிட்டார். மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைகள் போயின, ஒரு பள்ளிக்கூடச் சுவர் போனது, பாலம் ஒன்று வந்தது. பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்தபோது அவள் தலை கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் சாய்ந்தது. முதல் பத்தியிலேயே இரண்டு தப்பு இருக்கிறதே என்றாள். தெரியும், பேசாமல் வா என்றார் அம்மா.

பக்கம் முடிந்தது. ரத்தக்கா மூலையைப் பிடித்துப் புரட்டப் போனார். மகளின் ஆள்காட்டி விரல் வந்து தாளின் மேல் விழுந்து, அதைப் புரள விடாமல் அழுத்திக்கொண்டது. அவள் கண்கள் இன்னும் கடைசி வரிகளில் ஓடிக்கொண்டிருந்தன.